மழை பெய்த தரையில் பேவரிட் ஏன் தோற்றது? வானிலையும் பந்தயக் கணக்கும்

ஈரமண் எழுதியது:

இரண்டு ஆண்டுகளாகக் குதிரைப் பந்தயங்களைத் தொடர்ந்து பார்த்து, சிறு தொகைகளாகக் கட்டி வருகிறேன். பழைய ஓட்டங்களைப் படிப்பேன், ஜாக்கி யார் என்று பார்ப்பேன், சுமக்கும் எடையைப் பார்ப்பேன். தரையை மட்டும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. சென்ற சனிக்கிழமை ஒரே நாளில் மூன்று அடி வாங்கினேன்.

முதலாவது, தொடர்ந்து மூன்று பந்தயங்களை வென்ற ஒரு குதிரை; அதுதான் பேவரிட், அதாவது வெல்லும் என்று அதிகம் நம்பப்பட்டது. வியாழக்கிழமையே அதன்மேல் கட்டிவிட்டேன். வெள்ளி இரவு முழுக்க மழை. காலையில் தரை 'குட்' (நல்ல தரை) என்பதிலிருந்து 'சாஃப்ட்' (ஈரத்தில் இளகிய தரை) ஆகியிருந்தது. கடைசித் திருப்பம் வரை முன்னால் வந்த குதிரை, அதன்பிறகு கால் எழாமல் தடுமாறி ஐந்தாவதாக முடித்தது. அடுத்ததில் எட்டுக் குதிரைகள். வின் (முதலாவதாக வருவது), பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வருவது) இரண்டிலும் கட்டினேன். என் குதிரை மூன்றாவதாக வந்தது. ஆனால் காலையில் ஒன்று விலக்கப்பட்டு ஏழுதான் ஓடியதால் மூன்றாம் இடத்துக்குப் பணம் கிடையாது என்றார்கள். வேறொரு பந்தயத்தில் வென்றேன். அதிலும் கைக்கு வந்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

மூன்றுக்கும் பின்னால் அந்த ஒரு மழைதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தரையை எப்படிப் படிப்பது? எந்தக் குதிரைக்கு ஈரம் ஒத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய லாயக்காரன் எழுதியது:

நான் பதினான்கு ஆண்டுகள் பந்தயக் குதிரைகளின் லாயத்தில் வேலை பார்த்தவன். ஓடிவிட்டு வரும் குதிரையை நடத்திக் கூட்டிவந்து, கால்களைக் கழுவி, குளம்புக்குள் அப்பிக் கிடக்கும் மண்ணைக் கொக்கியால் தோண்டி எடுப்பது என் வேலை. தரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொக்கி முனையில் கற்றதுதான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'சாஃப்ட்' என்று ரேஸ் கார்டில் ஒரே சொல்லாகப் போட்டிருப்பார்கள். ஆனால் ஒரே சொல்லுக்குள் இரண்டு மண் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதோ, நின்ற கையோடோ ஓடிய குதிரையின் குளம்பைத் தூக்கினால், மண் நீராகக் கரைந்து தானாகவே விழுந்துவிடும். கொக்கிக்கு வேலையே இருக்காது. மழை நின்று, ஒரு நாள் வெயிலும் காற்றும் பட்ட தரையில் ஓடி வந்த குதிரையின் குளம்பிலோ மண் பிசின் போல இறுகி ஒட்டியிருக்கும். கை வலிக்கத் தோண்ட வேண்டும். அந்தக் குதிரைதான் நன்றாகக் களைத்திருக்கும். முதல் வகை மண் காலை உள்ளே விட்டு வெளியேயும் விட்டுவிடுகிறது. இரண்டாவது வகை காலைப் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு எட்டிலும் குதிரை தன் காலைப் பிடுங்கி எடுத்தாக வேண்டும்.

ஆகவே ஒரு குதிரை 'சாஃப்ட்' தரையில் வென்றிருக்கிறது என்று பழைய கணக்கில் பார்த்தால், அதை அப்படியே நம்பி விடாதீர்கள். அன்று மழை கொட்டிக்கொண்டிருந்ததா, காய்ந்துகொண்டிருந்ததா என்று தேடிப் பாருங்கள். நீர்த்தரையில் துள்ளி ஓடும் குதிரைகள் பல, பிசின் தரையில் இரண்டாம் நாள் காய்ச்சலில் எழுந்தவனைப் போல ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி குதிரை. முதலில் குளம்பைப் பாருங்கள். அகன்று, தட்டுப் போலப் பரந்த குளம்பு சேற்றில் எளிதில் புதையாது. சிறிய, குறுகிய குளம்பு இறுகிய தரையில் வேகமாகத் தட்டிவிட்டுப் போகும். ஈரத்தில் ஆணி போல இறங்கும். அடுத்து நடை. முழங்காலை உயர்த்தி, வட்டம் போட்டது போல ஓடும் குதிரைக்குச் சேற்றிலிருந்து காலை எடுப்பது இயல்பாக வரும். புல்லின் நுனியைச் சீவுவது போலத் தாழ்ந்து நீட்டி ஓடும் குதிரையின் அழகெல்லாம் காய்ந்த தரையில்தான். ஓட்டத்துக்கு முன் தொடக்க இடத்துக்குக் குதிரைகள் மெதுவோட்டமாகப் போவதைத் திரையில் காட்டுவார்கள். நான் அதை ஒருபோதும் தவறவிடுவதில்லை. ஈரம் பிடிக்காத குதிரை அப்போதே தலையைத் தூக்கி, எட்டுக்களைக் குறுக்கி, காலைத் தயங்கித் தயங்கி வைப்பதைக் காணலாம்.

பரம்பரையும் பேசும். ஜெர்மனியின் அட்லர்ஃப்ளுக் 2007இல் ஹாம்பர்க்கில் நடந்த ஜெர்மன் டெர்பியைக் கனத்த சேற்றில் ஏழு குதிரை நீளத்தில் வென்றது. அதன் பிள்ளைகளில் இன் ஸ்வூப், 2020இல் பாரிஸ் லோன்ஷான் தளத்தில் நடந்த ஆர்க் என்ற பெரும் பந்தயத்தில் 'ஹெவி' (கனத்த சேறான) தரையில் இரண்டாவதாக வந்தது. மறு ஆண்டு அதே பந்தயம், மீண்டும் சேறு. அட்லர்ஃப்ளுக்கின் இன்னொரு பிள்ளையான டோர்குவாட்டர் டாசோ வென்றது. பிரிட்டனில் அதன் ஆட்ஸ், அதாவது கட்டிய தொகைக்கு லாப விகிதம், ஒன்றுக்கு 72. முந்தின ஆண்டு நடந்ததைப் பார்த்த பிறகும் எத்தனை பேர் தகப்பனின் பெயரைத் திருப்பிப் பார்த்தார்கள்?

அதே 2020 ஆர்க்கில் எனேபிள் ஓடியது. 2017, 2018 இரண்டிலும் வென்ற பெண் குதிரை. 2019இல் மிகவும் இளகிய தரையில் கடைசி நேரத்தில் பிடிபட்டு இரண்டாவது; 2020இல் சேற்றில் ஆறாவது. வயதும் ஆகியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் திடீர்ப் பாய்ச்சல் அந்தத் தரையில் எடுபடவில்லை என்பதும் உண்மை. சேறு முதலில் விழுங்குவது பாய்ச்சலைத்தான். கடைசி இருநூறு மீட்டரில் சட்டென்று வேகம் கூட்டி வெல்லும் குதிரை, மண் பிடிமானம் தராதபோது அந்த ஒரு ஆயுதத்தை இழந்துவிடுகிறது. ஒரே சீராக மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் குதிரைக்கு இழப்பு குறைவு. அதே காரணத்தால் சேற்றில் 2000 மீட்டர் பந்தயம் 2400 மீட்டர் போல உடலை வாட்டும். அதிக எடை சுமக்கும் குதிரையின்மேல் ஈரத் தரையில் கட்ட எனக்குக் கை வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஈரத்தை மட்டும் கண்டு பயப்படாதீர்கள். கல்லாக இறுகிய தரையில் ஓடிய குதிரையின் முன்னங்காலை மறுநாள் காலையில் தடவிப் பார்த்தால் நரம்போடு சூடு தெரியும். அன்று வென்றிருக்கும், எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள். அடுத்த ஓட்டத்தில் அது காலை முழுதாக நீட்டாது. 'ஃபர்ம்' தரையில் கடுமையாக ஓடி, பத்துப் பதினைந்து நாளுக்குள் திரும்பவும் ஓட வரும் குதிரையைக் கண்டால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.


விகிதக்கணக்கு எழுதியது:

லாயக்காரர் ஐயா குதிரையைச் சொல்லிவிட்டார். நான் உங்கள் இரண்டாம், மூன்றாம் அடிகளுக்கு மட்டும் பதில் தருகிறேன். பிரிட்டனில் வழங்கும் விதிகளை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் கட்டும் இடத்தின் விதியைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் பயிற்சியாளர்கள் குதிரைகளை விலக்குவார்கள். அது அவர்களது கடமையும்கூட. வின், பிளேஸ் இரண்டும் சேர்ந்த பந்தயத்தில் எட்டோ அதற்கு மேலோ ஓடினால் மூன்று இடங்களுக்குப் பணம். ஐந்து முதல் ஏழு வரை என்றால் இரண்டு இடங்களுக்குத்தான். சரியாக எட்டுக் குதிரைகள் உள்ள பந்தயம், வானத்தில் மேகம், இரண்டும் சேர்ந்தால் பிளேஸ் கணக்கு ஒரு நூலில் தொங்குகிறது என்று பொருள். அத்தகைய நாள்களில் நான் ஒன்பதாவது குதிரை இருந்தால்தான் கட்டுவேன்.

வென்றும் குறைவாக வந்ததற்குக் காரணம் நான்காம் விதி எனப்படும் கழிவு. நீங்கள் ஒரு ஆட்ஸில் கட்டிய பிறகு வலுவான குதிரை ஒன்று விலகினால், உங்கள் குதிரையின் வாய்ப்பு தானாக உயர்ந்துவிடுகிறது. அதற்கு ஈடாக உங்கள் லாபத்தில் வெட்டு விழும். விலகிய குதிரையின் ஆட்ஸ் 2/1 (ஒன்றுக்கு இரண்டு) என்றால் பவுண்டுக்கு 30 பென்ஸ். சமவிகிதம் (ஒன்றுக்கு ஒன்று) என்றால் 45 பென்ஸ். 14/1ஐ விட நீண்டது விலகினால் வெட்டு இல்லை. புக்கி (பந்தயப் பணம் வாங்குபவர்) ஏமாற்றவில்லை, கணக்கு சரியாகவே இருந்திருக்கும்.

பல வாரங்களுக்கு முன்பே கட்டும் பந்தயங்களில் இதைவிடக் கொடுமை உண்டு. குதிரை ஓடவே இல்லை என்றால் கட்டிய தொகை போனது போனதுதான். 2020 ஆர்க்கை லாயக்காரர் குறிப்பிட்டார். அதற்குப் பெரிதும் நம்பப்பட்டிருந்த லவ் என்ற குதிரையை, தரை இளகிவிட்டது என்பதற்காகச் சில நாள் முன்பு விலக்கினார்கள். கோடை முழுவதும் அதன்மேல் கட்டியவர்கள் மழைக்குக் கட்டியது போல ஆயிற்று. 'ஓடாவிட்டால் பணம் திரும்பும்' என்ற நிபந்தனை இருக்கும் இடத்தில் மட்டும், ஆட்ஸ் சற்றுக் குறைந்தாலும், முன்கூட்டியே கட்டுங்கள்.


நேரக்கடிகாரம் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். தரை என்பதைப் புதியவர்கள் தோல்விக்குச் சமாதானமாகப் பிடித்துக்கொள்வதைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். தரமான குதிரை எந்தத் தரையிலும் ஓடும். ஃபிராங்கல் தன் கடைசிப் பந்தயத்தை, 2012 அக்டோபரில் ஆஸ்காட்டில், இளகிய தரையில்தான் ஓடியது. எதிரே சிரஸ் டெஸ் எய்கிள் என்ற, ஈரத்தில் புலியாகப் பாயும் குதிரை. ஃபிராங்கல் வென்று 14க்கு 14 என்று முடித்தது.

டோர்குவாட்டர் டாசோவுக்குச் 'சேற்றுக் குதிரை' என்று முத்திரை குத்தினார்கள். 2022 ஜூலையில் ஆஸ்காட்டின் கிங் ஜார்ஜ் பந்தயத்தில், காய்ந்து இறுகிய தரையில், பைல்டிரைவருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. சேற்றுக் குதிரை என்றால் அங்கே கடைசியில் அல்லவா வந்திருக்க வேண்டும்?

நான் நம்புவது கடிகாரத்தை. அன்றைய முதல் இரண்டு பந்தயங்களின் நேரத்தை அந்தத் தளத்தின் வழக்கமான நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் அறிவித்த தரையும் மாலையில் ஓடும் தரையும் ஒன்றல்ல. லோன்ஷானின் 2400 மீட்டரை டேன்ட்ரீம் 2011இல் 2 நிமிடம் 24.49 வினாடியில் ஓடியது. 2021இல் டோர்குவாட்டர் டாசோவுக்கு ஏறக்குறைய 13 வினாடி கூடுதலாக ஆனது. இருநூறு மீட்டருக்கு ஒரு வினாடிக்கும் மேல். 'ஹெவி' என்ற சொல்லைவிட அந்த எண் எனக்கு அதிகம் சொல்கிறது.


பழைய லாயக்காரன் எழுதியது:

கடிகாரக்காரரே, நேரத்தைப் பார்க்கச் சொன்னது முழுக்கச் சரி. நானும் பார்க்கிறேன். முத்திரை குத்தக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் ஃபிராங்கலை நீங்கள் எடுத்தது எனக்குத்தான் சாதகம். ஆகஸ்டில் யார்க்கில், ஈரமில்லாத தரையில், ஏழு நீளத்தில் வென்ற குதிரை அது. இரண்டு மாதம் கழித்து ஆஸ்காட்டில் ஒன்றே முக்கால் நீளம். தரை அதைத் தோற்கடிக்கவில்லை, உண்மை. ஆனால் அதன் கையிலிருந்த நீளங்களை வாங்கிக்கொண்டுவிட்டது. ஃபிராங்கலிடம் அத்தனை மிச்சம் இருந்தது, தாங்கிற்று. நாம் கட்டும் பந்தயங்களில் முதல் குதிரைக்கும் நான்காம் குதிரைக்கும் இடையில் இருப்பதே இரண்டு நீளம்தானே?


ஈரமண் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பிளேஸ் கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விகள். தரை அறிவிப்பை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? அமெரிக்கப் பந்தயங்களின் மண் தளத்துக்கும் இதே கணக்குத்தானா? காற்று வீசுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள்.


பழைய லாயக்காரன் எழுதியது:

பிரிட்டனில் ஓடுதளப் பொறுப்பாளர் அறிவிப்பார். கையில் 'டி' எழுத்து வடிவில் ஒரு கோல் வைத்திருப்பார். அதைத் தரையில் குத்தி இறக்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது, பிறகு 45 பாகை சாய்த்து இழுக்க எவ்வளவு வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் கருவி அளக்கும். குத்தும்போது குளம்பு இறங்குவது, இழுக்கும்போது குளம்பு உந்தி எழுவது. பல இடங்களில் குத்தி, சராசரியை 1 முதல் 15 வரையிலான எண்ணாகத் தருவார்கள். எண் கூடக் கூடத் தரை இறுகியது. நான் மேலே சொன்ன பிசின் மண்ணை அந்தச் சராசரி மறைத்துவிடலாம். ஆகவே எண்ணோடு, கடைசியாக எப்போது மழை பெய்தது, அதன்பிறகு காற்று எப்படி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் நுணுக்கமாக 1 முதல் 10 வரை எண்களே கொடுத்துவிடுகிறார்கள். 1, 2 இறுகியது. 3, 4 நல்லது. 5 முதல் 7 வரை இளகியது. 8 முதல் 10 வரை சேறு. அங்கே எண் உயர்ந்தால் ஈரம் அதிகம். இரு நாட்டுப் பந்தயங்களையும் பார்ப்பவர்கள் தலைகீழாகப் படித்துவிட வேண்டாம்.

தளம் முழுக்க ஒரே தரை என்றும் நினைக்காதீர்கள். மரநிழல் விழும் இடம் காய்வதில்லை. பள்ளத்தில் நீர் தங்கும். உள்வேலியை ஒட்டி முந்தைய பந்தயங்களில் எல்லாரும் ஓடி மண்ணைக் கிளறியிருப்பார்கள். ஈர நாள்களில் ஜாக்கிகள் கூட்டமாக வெளிவேலிப் பக்கம் ஒதுங்கி, மிதிபடாத புல்லைத் தேடிப் போவதைக் காணலாம். முதல் பந்தயத்தில் அப்படிப் போய் வென்றவர் ஒருவர் இருந்தால், அடுத்த பந்தயத்தில் எந்த வாயில் எண்ணிலிருந்து புறப்படும் குதிரைக்கு அந்தப் புல் அருகில் இருக்கிறது என்று பார்ப்பேன். வேலியையே சில மீட்டர் நகர்த்திவிட்டால் புதுப் புல் உள்பக்கத்தில் கிடைக்கும். அப்போது கணக்கு தலைகீழ்.

அமெரிக்க மண் தளம் வேறு உலகம். அங்கே பெருமழை வருகிறது என்றால் உருளையை ஓட்டி மேல்மண்ணை அழுத்தி இறுக்கிவிடுவார்கள். நீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்தோடும். 'ஸ்லாப்பி' என்று அறிவிக்கும் தளம் பார்வைக்குக் குளம் போல இருந்தாலும் அடியில் கெட்டியாக இருக்கும். வேகமான நேரங்கள்கூட வரும். நீர் உள்ளே ஊறிவிட்ட 'மட்டி' தளம்தான் காலை வாங்கும். குளம் போன்ற தளத்தில் பின்னால் வரும் குதிரையின் முகத்தில் சேறு சாட்டை போல அடிக்கும். பல குதிரைகள் அதிலேயே மனம் விட்டுவிடும். அதனால் முன்னால் ஓடும் குதிரைகளுக்கு அங்கே வாய்ப்பு கூடுதல். 2018 கென்டக்கி டெர்பியைக் கொட்டும் மழையில் ஜஸ்டிஃபை அப்படித்தான் முன்னணியை ஒட்டியே ஓடி வென்றது. ஆனால் 2009இல் ஒன்றுக்கு 50 ஆட்ஸில் வந்த மைன் தட் பேர்ட், கடைசியில் கிடந்து, உள்வேலியை ஒட்டிக் கிடைத்த சந்தில் புகுந்து ஆறே முக்கால் நீளத்தில் வென்றது. சேற்றால் வந்த வெற்றி என்று தள்ளினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பிரீக்னெஸ் பந்தயத்தில் காய்ந்த தளத்தில் அது இரண்டாவதாக வந்தது. கடிகாரக்காரர் சொன்ன முத்திரை விஷயம் இங்கே முழுக்கப் பொருந்தும்.

மழை நாளில் மண் தளம் என்றாலே எனக்கு 2007 நினைவுக்கு வந்து மனம் கனக்கும். நியூ ஜெர்சியின் மான்மத்தில், நீர் நின்ற தளத்தில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் ஜார்ஜ் வாஷிங்டன் என்ற குதிரை கால் முறிந்து உயிரை விட்டது. கர்லின் வென்ற பந்தயம் அது. எனக்கு வென்றவனின் முகம் நினைவில் இல்லை. தரையைக் காரணம் காட்டி ஒரு பயிற்சியாளர் குதிரையை விலக்கும்போது நமக்குப் பணம் போகலாம், பிளேஸ் போகலாம். அவரைத் திட்டுபவர்களோடு நான் ஒருபோதும் சேர மாட்டேன்.

காற்றைக் கட்டாயம் பாருங்கள். கடைசி நேர்பாதையில் எதிர்க்காற்று பலமாக இருந்தால் முன்னால் ஓடும் குதிரைதான் அதை முழுக்க வாங்கிக்கொள்கிறது. பின்னால் மறைந்து வருவது மூச்சை மிச்சம் பிடிக்கும். காற்று முதுகில் இருந்தால் முன்னோடியைப் பிடிப்பது கடினம். அன்று வரும் அருமையான நேரத்தைப் பார்த்துக் குதிரையைப் புகழ்ந்துவிடவும் கூடாது.


ஈரமண் எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து சனிக்கிழமை தோற்ற குதிரையின் பதினொரு ஓட்டங்களையும் எடுத்துப் பார்த்தேன். தொடர்ந்து வென்ற மூன்றும் 'குட்' தரை. அதற்கு முன் இரண்டு முறை 'சாஃப்ட்' தரையில் ஓடியிருக்கிறது. ஒன்றில் ஏழாவது, இன்னொன்றில் அரை நீளத்தில் தோற்று இரண்டாவது. இந்த இரண்டாவது இடத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வரும் வாரம் அது மறுபடியும் ஓடுகிறது. புதன், வியாழன் மழை, அதன்பிறகு வெயில் என்கிறார்கள்.


பழைய லாயக்காரன் எழுதியது:

அந்த இரண்டு நாள்களின் மழைக் கணக்கைத் தேடுங்கள். ஓட்டத்தின் காணொளி கிடைத்தால் குளம்படியில் மண் எப்படித் தெறிக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நீர்த்துளியாகச் சிதறுகிறதா, கட்டி கட்டியாகப் பெயர்ந்து பறக்கிறதா? இரண்டாவதாக வந்த நாள் நீர்த்துளி, ஏழாவதாக வந்த நாள் கட்டி என்றால், நீங்கள் சொல்லும் மழைக்குப் பிந்திய வெயிலில் அதன் பக்கம் நான் போக மாட்டேன். நேர்மாறாக இருந்தால் ஆட்ஸ் என்ன என்று என்னிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை தோல்வியைப் பார்த்துப் பலர் அதைக் கைவிட்டிருப்பார்கள்.